பயிற்சி அறைக்குள் கமரா: வாசகர் கேள்வி – பதில்

பணியாளர் பயிற்சி தொடர்பாக இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு ஒளிப்பதிவைப் பற்றியே பேசுகின்றன. ஆகவே அவற்றை ஒருங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் புதிய வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கு மாதந்தோறும் பயிற்சி நடத்துகிறோம். வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்து அவற்றின் தரத்தை உயர்த்தும் நோக்கில், மண்டபத்தின் கூரையில் நான்கு கமராக்களைப் பொருத்துவதற்கு விலைமனுக் கோரியுள்ளோம். இது தகுந்த செலவுதானா ஐயா?
– பயிற்சிப் பொறுப்பாளர், நெல்லியடி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கூரையில் பொருத்தப்படும் சிசிரிவி கமரா, யார் வந்தார், யார் போனார் என்பதைக் காட்டுவதற்கானது; பயிற்சி அறையில் அது உங்களுக்குக் காட்டப்போவது உச்சந்தலைகளையும் சுழலும் மின்விசிறியையும்தான். ஒரு நல்ல கைத்தொலைபேசியும் அதைத் தாங்கும் முக்காலியும் போதும். முழு எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலப் பதிவு தொலைபேசியைப் பொறுத்து ஏறத்தாழ 4 முதல் 8 ஜிகாபைட் வரை இடம் பிடிக்கும் என்பதால், 64 ஜிகாபைட் மெமரி காட் ஒன்றில் பல வகுப்புகள் அடங்கிவிடும். அதைவிடத் துல்லியமான நாலுகே (4K) தரத்துக்கு இங்கே வேலை இல்லை.

பணத்தை ஒலிக்குச் செலவிடுங்கள். பயிற்சியின் உயிர் உரையாடலில் இருக்கிறது. அது கேட்காத பதிவினால் பயனில்லை. பேசுபவருக்கும் மைக்குக்கும் இடையிலான தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒலி மட்டம் சுமார் 6 டெசிபல் குறைகிறது. ஆனால் மின்விசிறியின் இரைச்சல் குறைவதில்லை. எனவே வளவாளரின் (வகுப்பை நடத்துபவரின்) சட்டையிலோ சேலையிலோ ஒரு சிறிய மைக்கைப் பொருத்திவிட்டு, பயிலுநர்களின் மேசை நடுவில் இன்னொரு தொலைபேசியை ஒலிப்பதிவு செய்ய வையுங்கள். கமராவை வகுப்பின் பின்வரிசையில் வைப்பதே வழக்கமாகிவிட்டது, கலியாண வீட்டு வீடியோவில் பிடரிகளையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ. அதை முன்பக்க மூலையில், அமர்ந்திருப்பவரின் கண்மட்டத்தில், பயிலுநர்களின் முகம் நேராகவும் வளவாளர் பக்கவாட்டிலும் தெரியும்படி நிறுத்துங்கள். யன்னலைப் பார்த்து வைத்தால் நம் ஊர் வெயிலில் முகங்கள் கருநிழலாகிவிடும்.

கேள்வி: ஆறு மாதமாகப் பதிவுசெய்கிறோம், கோப்புகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டு மணித்தியால வகுப்பை இரண்டு மணித்தியாலம் இருந்து பார்க்க எவருக்கும் நேரமில்லை. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?
– தனியார் நிறுவன மனிதவள உத்தியோகத்தர், யாழ்ப்பாணம்

பதில்: முழுவதையும் பார்க்க முயல்வதுதான் உங்கள் சிக்கல். கோப்பாயில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், நுண்கற்பித்தல் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். 1963இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் அலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறை அது. ஐந்து முதல் பத்து நிமிடம் வரையான ஒரு சிறு பாடம், நாலைந்து மாணவர், பயிலவேண்டிய திறன் ஒன்றே ஒன்று; கற்பித்து முடித்ததும் பதிவைப் பார்த்துக் கலந்துரையாடி, அதே பாடத்தைத் திருத்தி வேறு மாணவருக்கு மீண்டும் கற்பிப்பர். அதன் பலம் கமராவில் மட்டும் இருக்கவில்லை. விடயத்தைச் சுருக்கியதிலும் மீளக் கற்பித்ததிலுமே பெரும்பகுதி இருந்தது. நம் அலுவலகங்களில் பதிவு நடக்கிறது, சில இடங்களில் பார்ப்பதும் நடக்கிறது, மீளச் செய்வது மட்டும் ஏனோ நடப்பதில்லை.

ஆகவே வகுப்பு தொடங்குமுன்னரே, இம்முறை எதைக் கவனிக்கப்போகிறோம் என்று வளவாளரே ஒரு கேள்வியை எழுதிவைக்கட்டும். முதற் கேள்வியாக நான் பரிந்துரைப்பது இது: வினா ஒன்றைக் கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறேன்? மேரி பட் ரோ என்னும் ஆய்வாளர் 1970களில் அமெரிக்க வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் தாவினர் அல்லது தாமே விடை சொல்லினர் என்பது தெரியவந்தது. அந்த இடைவெளியை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது விடைகளின் நீளம் கூடியதுடன், கேட்காமலே முன்வந்து பேசுவோரின் தொகையும் கூடியது. நம்மவர் மூத்தவர் முன் உடனே வாய் திறக்கத் தயங்குபவர்கள். அவர்களுக்கு அந்த மூன்று விநாடி இன்னும் அவசியம் என்றே கருதுகிறேன். இதை அளக்கக் கைக்கடிகாரமும், வகுப்பின் நடுப்பகுதியிலிருந்து எடுத்த பத்து நிமிடத் துண்டும் போதும். தொடக்கம் வேண்டாம், அப்போது எல்லாரும் கமராவுக்காக நிமிர்ந்து இருப்பார்கள். அடுத்த மாதம் வேறு கேள்வி: யார் ஒரு தடவைகூடப் பேசவில்லை, செய்முறை காட்டப்பட்டபோது பின்வரிசைக்கு அது தெரிந்ததா என்பன போல.

பதிவு இருந்தாலே கற்றல் கூடும் என்றும் எண்ணவேண்டாம். மருத்துவத் துறையின் பாவனைப் பயிற்சிகளில் (உண்மை நிலைமை போல அமைத்துப் பழகும் பயிற்சிகளில்), காணொளியைக் காட்டி நடத்திய கலந்துரையாடலையும் காணொளியின்றி நடத்தியதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால், முன்னது தெளிவாகச் சிறந்தது என நிறுவ முடியவில்லை. கலந்துரையாடலை வழிநடத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே முதலில் பார்க்கவேண்டியது.

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் பயிற்றுநர். என் வகுப்புகள் பதிவாகின்றன; முகாமையாளர் அவற்றைத் தனியே பார்த்து, வருடாந்த மதிப்பீட்டில் குறிப்பிடுகிறார். கமரா ஓடுகையில் என் பேச்சே மாறிவிடுகிறது. நான் மறுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொக்குவில்

பதில்: உங்கள் பேச்சு மாறுவது இயல்பே. திருத்திக்கொள்வதற்கென எடுத்த பதிவு சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் சான்றாகிவிட்டால், எவரும் புதிதாக எதையும் முயலமாட்டார். பிழை வராத, எவருக்கும் பயன் தராத வகுப்பையே நடத்துவார். நேரடியாக மறுப்பதைவிட, பதிவின் நோக்கத்தை எழுத்தில் தருமாறு கேட்பதே உங்களுக்கு நல்லது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தரவு குறிப்பிட்ட நோக்கத்துக்காகவே திரட்டப்படவேண்டும், அந்நோக்கத்துக்கு ஒவ்வாத வகையில் பயன்படுத்தப்படலாகாது, தேவைக்கு மேல் வைத்திருக்கப்படலாகாது என்னும் நெறிகளைக் கொண்டது. முகமும் குரலும் அடையாளம் காட்டுபவை என்பதால் அவையும் இதில் அடங்கும். யார் பார்ப்பார், எவ்வளவு காலம் வைத்திருப்பார், எப்போது அழிப்பார் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடலாம். முதலில் நீங்கள் பார்த்து, விரும்பும் துண்டை நீங்களே முகாமையாளருக்குக் காட்டும் ஒழுங்கையும் முன்வையுங்கள்; நியாயமான முகாமையாளர் இதை ஏற்பார். பயிலுநர்களிடமும் சம்மதம் கேட்கவேண்டும் என்பதை மறவாதீர்கள். வாடிக்கையாளரோ நோயாளரோ தெரியும் காட்சிகளைப் பதிவுசெய்யாமலே விடுவது உத்தமம்.

கேள்வி: நன்றாக அமைந்த வகுப்பின் பதிவையே புதிதாகச் சேர்பவர்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டால், வளவாளருக்கான செலவு மிச்சமாகுமல்லவா?
– கடை உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: படிவம் நிரப்புவது, பற்றுச்சீட்டு அடிக்கும் இயந்திரத்தை இயக்குவது போன்றவற்றுக்குச் சரிவரும்; நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிவதால் சிலருக்கு வகுப்பைவிட நன்றாகவும் இருக்கும். கோபத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது என்பதை அவ்வாறு பழக்க இயலாது, அதற்கு எதிரே ஒருவர் நின்று கோபப்படவேண்டும். பதிவின் தொடக்கத்தில் திகதியைக் காட்டுங்கள். விலையோ படிவமோ மாறும் நாளில் பழைய பதிவை நீக்குவதற்கு ஊழியர் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். இல்லாவிட்டால் சென்ற வருட விலையைப் புதியவர் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.