புத்தகத்தை மூடிவிட்டு நடங்கள்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலைகளில் கிருஷ்ணகிரி அணைப் பக்கம் நடந்துகொண்டே ஆளுக்கொரு பக்கம் சத்தமாக வாசிக்கிறோம். 2012இல் பெல்ஜியத்தில் டீ ஹெட்டன், மிஷா மையர்ஸ் என்ற கலைஞர்கள் இருவரும் நூல்களைச் சுமந்து நடந்து நடத்திய 'நடக்கும் நூலகம்' பற்றிப் படித்துவிட்டுத் தொடங்கியது. பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து செய்கிற பங்கேற்புக் கலை என்று இதைச் சொல்கிறோம். நண்பர் ஒருவர் வெறும் பொழுதுபோக்கு என்கிறார். இது கலையா? எந்த நூல்களை எடுத்துப்போகலாம்? படம் இணைத்திருக்கிறேன்.

க., கிருஷ்ணகிரி

அன்புள்ள க.,

கலையா இல்லையா என்பதை அந்த நண்பரிடமே விட்டுவிடுங்கள், அவருக்கும் பொழுது போகவேண்டும். நூல் பட்டியலும் தரமாட்டேன். தோளில் கனக்காத எதுவும் சரி.

'நடந்துகொண்டே' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அணைக்கரைக் காற்றில் முன்னால் போகிறவருக்குப் பாதி வரி கேட்கும், பின்னால் வருகிறவருக்கு அதுவும் கேட்காது. வாசிக்கிறவரோ கல் தடுக்காமல் இருந்தால் போதும் என்று இருப்பார்.

சில நாட்களாக எனக்குப் பாரத நினைப்புதான். தருமபுரிப் பக்கம் எங்கள் ஊர்களில் கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைப்பார்கள். பெரும்பாலும் 18 நாள். பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம். பிரசங்கியார் வில்லிபாரதப் பாட்டை இழுத்துப் பாடிப் பொருள் சொல்வார். என் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பிரசங்கம் நடக்கும்போது வாயே திறக்கமாட்டாள். எல்லாம் திரும்பி நடக்கும்போதுதான். "தம்பிங்கள வச்சது போகட்டும், பொண்டாட்டிய வைக்க எவன் சொன்னான்?" என்று ஆரம்பிப்பாள். பக்கத்து வீட்டு அத்தை தருமனுக்குப் பரிந்து பேசுவாள். ஆயா நடு வண்டிப்பாதையில் நின்று, தலையில் இருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, சகுனி காய் உருட்டியதைக் கையால் உருட்டிக் காட்டுவாள். அவள் உருட்டி முடிக்கும்வரை கூட்டம் மொத்தமும் நிற்கவேண்டும். ஊர் வருவதற்குள் வழக்கு தீராது. மறுநாள் முன்வரிசையில் போய் உட்கார்ந்து பிரசங்கியாரையே கேட்டுவிடுவாள்.

கேட்டது கோயிலில் என்றாலும் அவள் பாரதம் படித்தது அந்த வண்டிப்பாதையில். அதனால் சொல்கிறேன், நிழல் கண்ட இடத்தில் உட்காருங்கள். ஒருவர் இரண்டு பக்கம் நிதானமாக வாசிக்கட்டும். அப்புறம் புத்தகத்தைப் பையில் போட்டுவிட்டு நடங்கள், சண்டை போடுங்கள். ஹெட்டனும் மையர்ஸும் நூல்களைச் சுமந்து நடந்தது நல்ல காரியம்தான். ஆனால் இதைக் கற்றுக்கொள்ள நீங்கள் பெல்ஜியம்வரை போயிருக்கவேண்டாம்.

இன்னொன்று. படத்தில் நீங்கள் எல்லோரும் வட்டமாக நிற்கிறீர்கள். பின்னால் ஆடு மேய்க்கிறவர் ஒருவர், கோலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு உங்களையே பார்க்கிறார். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. பங்கேற்பு என்று பெயர் வைக்கத் தெரிகிறது, வந்து நிற்கிறவரை 'உட்காருங்க அண்ணா' என்று சொல்ல வாய் வரவில்லையா? அடுத்த ஞாயிறு கூப்பிடுங்கள். ஆடு போய்விடும் என்பார். அப்படியானால் ஆட்டுக்குப் பின்னால் நீங்கள் போங்கள்.