ஸ்பிரே இல்லாமல் மூச்சுவிட முடியவில்லையே!

கேள்வி: என் வயது 34. எனக்கு அடிக்கடி ஜலதோஷம் பிடிக்கும். மூக்கடைப்புக்காக மருந்துக் கடையில் நானே வாங்கிய சைலோமெட்டசோலின் ஸ்பிரேயை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். முதலில் இரவில் ஒருமுறை அடித்தாலே போதுமானதாக இருந்தது. இப்போது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைத் தொடவே பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நீங்கள் பயப்பட வேண்டியது, ஏற்கெனவே கையில் வைத்திருக்கும் ஸ்பிரேயைப் பார்த்துத்தான். சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் போன்றவை மூக்கின் உட்சவ்விலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சில நிமிடங்களிலேயே அடைப்பை நீக்குகின்றன. ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் குறைந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கிவிடுவதால், அந்த வீக்கத்தை ஜலதோஷம் என்று நினைத்து மீண்டும் மீண்டும் அடிக்கத் தோன்றும். இவற்றை மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடவே கூடாது.

புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்பிரேக்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. பரிந்துரைத்த அளவில் பயன்படுத்தும்போது மிகக் குறைந்த மருந்தே ரத்தத்தில் கலக்கிறது என்பதால், மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டுக்குரிய அச்சம் இங்கே தேவையில்லை. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரங்கள் ஆகலாம். பலர் அதற்குள் பொறுமையிழந்து நிறுத்திவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. தலையைச் சற்று முன்னே சாய்த்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடித்தால், மருந்து நடுச்சுவரில் படாமல் வெளிப்பக்கம் செல்லும். நடுச்சுவரில் தொடர்ந்து பட்டால் புண்ணாகி ரத்தம் கசியலாம். அடித்தபின் மெதுவாக உள்ளிழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

பழைய ஸ்பிரேயை நிறுத்துவது கடினமாகத் தோன்றினால், முதலில் ஒரு துவாரத்தில் மட்டும் நிறுத்தி, அது சீரானபின் மற்றதிலும் நிறுத்துங்கள். இடைப்பட்ட நாட்களில் உப்புநீர் ஸ்பிரே உதவும். வீட்டிலேயே உப்புநீர் தயாரித்து மூக்கைக் கழுவுவதானால், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

அடிக்கடி ஜலதோஷம் பிடிப்பதாகச் சொல்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவது இயல்பு; அது வைரஸால் வருவதால் ஆன்டிபயாட்டிக் பயன் தராது. காய்ச்சலின்றி, மூக்கு அரிப்பும் அடுக்குத் தும்மலும் வாரக்கணக்கில் நீடித்தால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தாலோ, சளியில் ரத்தம் தொடர்ந்து வந்தாலோ, தாமதிக்காமல் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பாருங்கள்.