பாயில் பறக்கும் கோல்ஃப் பந்து புல்லில் ஏன் நகரமாட்டேன் என்கிறது?

காட்பாடி நண்பருக்கு: வலைக்குள் செயற்கைப் புல் பாயில் கோல்ஃப் அடித்துப் பழகிவிட்டு, சென்னையில் ஒரு தனியார் கிளப்பில் விருந்தாளியாக ஆடப் போகிறீர்கள், புல்லில் மட்டை மண்ணைத் தோண்டுகிறது என்கிறீர்கள். பாய் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பந்துக்கு 2 அங்குலம் பின்னால் பட்டாலும் அங்கே மட்டை வழுக்கிப்போய்ப் பந்தைத் தூக்கிவிடும். பாலாற்றில் இறுகின ஈரமணலில் கோடு கிழித்து, பந்தில்லாமல் 7-ஆம் எண் அயர்னை (உலோகத் தலை மட்டை) வீசுங்கள். தடம் கோட்டில் தொடங்கி இலக்குப் பக்கம் போகணும். கோட்டுக்குப் பின்னால் விழுந்தால் உடம்பின் எடை இன்னும் வலது காலிலேயே நிற்கிறது (வலக்கை ஆட்டக்காரர்தானே?).

கிளப்புக்கு ஜீன்ஸ், காலரில்லாத பனியன் வேண்டாம். பந்தைத் தேட 3 நிமிடம்தான். கிடைக்குமா என்று சந்தேகமென்றால், தேடப் போகும் முன்பே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று சொல்லிவிட்டு, அடித்த இடத்திலிருந்தே இன்னொன்று அடியுங்கள். கிரீனில் (இலக்குக் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரை) பந்து வந்து விழுந்து பதித்த பள்ளத்தை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளி மூடுங்கள். நெம்பித் தூக்கினால் வேர் அறுந்து புல் கருகும். கேடிக்கு (மட்டைப் பையைத் தூக்கி வரும் உதவியாளர்) எவ்வளவு கொடுக்கணும் என்பதை அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள்.