இல்லிக் குடமும் கழற்குடமும்

கேள்வி: 18 ஆண்டுகளாகப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். என் மாணவர்கள் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறார்கள்; ஆனால் ஒருவருக்கும் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராது. சென்ற ஆண்டு 9ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் தாமதமாக வந்தான். 'வை ஆர் யூ லேட்?' என்று கேட்டேன். 'மை மதர் நோ கோ வொர்க் டுடே' என்றான். உடனே திருத்தினேன். வகுப்பு சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். அதன்பின் ஆண்டு முழுவதும் என் வகுப்பில் அவன் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. அக்கறையே கிடையாது. நன்னூலார் சொன்ன இல்லிக் குடங்கள் இவர்கள்தாம். ஊற்ற ஊற்ற ஒழுகும் இந்தக் குடங்களை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியர் என்னதான் செய்ய முடியும்? (பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியர்)

பதில்: நன்னூலை நீங்களே எடுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரத்தில், கடை மாணாக்கருக்கு இல்லிக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று நான்கு உவமைகள் கூறப்படுவது உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்குச் சில நூற்பாக்கள் முன்பாகவே, ஆசிரியர் ஆகத் தகாதவர்களின் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. அதிலும் குடம் உண்டு. கழற்காய்களை ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்பிய குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய்கள் வெளியே வருவதில்லை. அப்படித் தாம் கற்றதை முறை பிறழக் கொட்டுபவரைக் கழற்குடம் என்கிறார் பவணந்தியார். அடைத்து வைத்த பருத்தியை எளிதில் வெளியே விடாத குண்டிகை ஒன்றும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, மாணவருக்குக் குடம் ஒன்று, ஆசிரியருக்கு இரண்டு. மாணவரைப் பற்றிய வரியை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், எதனாலோ, முந்தைய பக்கத்தைப் புரட்டாமலேயே வந்துவிடுகிறார்கள்.

அதே பாயிரத்தில் உங்கள் கேள்விக்கு நேரடியான விடையும் இருக்கிறது. மாணவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் ஆசிரியர் சொல்வதிலிருந்து காற்பங்குதான் பெறுவான். உடன் கற்பவர்களோடு பயில்வதால் இன்னொரு கால் வந்து சேரும். எஞ்சிய அரைப்பங்கும், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். இது இலக்கணம் கற்கும் மாணவனுக்காகச் சொன்ன கணக்கு. வாயால் பேசிப் பழக வேண்டிய ஒரு மொழிக்கு இது எத்தனை மடங்கு பொருந்தும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் கற்பித்தீர்கள், கேட்டீர்கள், திருத்தினீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மாணவர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் எதையாவது பேசிக்கொண்டார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. முதற் காலை மட்டும் கொடுத்துவிட்டு, முக்கால் எங்கே என்று மாணவனைக் கேட்கிறீர்கள்.

சாதாரணக் கணக்கு ஒன்றையும் போட்டுப் பார்ப்போம். பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 30 நிமிடம் பேசுகிறீர்கள் என்றால் மீதி 10 நிமிடம். ஆளுக்கு 15 விநாடி. ஆண்டுக்கு 200 நாள் பள்ளி நடந்து, ஒருநாள்கூடத் தவறாமல் எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைத்தாலும், ஒரு மாணவன் ஆங்கிலம் பேசும் நேரம் ஆண்டு முழுவதற்குமாக 50 நிமிடம். ஆண்டுக்கு 50 நிமிடம் மட்டும் ஏறி உட்கார்ந்து எவனாவது மிதிவண்டி ஓட்டக் கற்றிருக்கிறானா? அதுவும், ஏறிய மறுநொடியே ஒருவர் பின்னாலிருந்து இருக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தால்?

இனி அந்த மாணவனின் வாக்கியத்துக்கு வருகிறேன். அவனுக்கு ஒன்றும் வராது என்பதற்குச் சான்றாக அதை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். நான் அதை வேறொன்றுக்குச் சான்றாகப் படிக்கிறேன். 'என் அம்மா இன்று வேலைக்குப் போகவில்லை' என்பது தமிழ் அமைப்பு. அதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தால் 'மை மதர் டுடே வொர்க் கோ நோ' என்று வந்திருக்க வேண்டும். வரவில்லை. தமிழில் இறுதியில் நிற்கும் வினையை அவன் நடுவில் கொண்டுவந்து வைத்திருக்கிறான். வினையோடு ஒட்டிப் பின்னால் வரும் எதிர்மறையைப் பிரித்து முன்னால் நிறுத்தியிருக்கிறான். தமிழில் வினைக்கு முன்னால் வரும் 'இன்று' என்பதை ஆங்கிலத்தின் வழக்கப்படி கடைசிக்குத் தள்ளியிருக்கிறான். பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த சொல்வரிசையை வாய்க்குள்ளேயே கலைத்து, வேறொரு வரிசையில் அடுக்கியிருக்கிறான். விடுபட்டவை 'டிட் நாட்' என்பதும் 'டு' என்ற சிறு சொல்லும் மட்டுமே.

அந்த 'டிட் நாட்' ஆங்கிலத்திலேயே ஒரு வினோதமான பொருள். வினையை மறுப்பதற்குப் பொருளற்ற துணைவினை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்துவது எல்லா மொழிகளுக்கும் உரிய வழக்கமன்று. ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில்கூட 'அறியேன்' என்பதற்கு 'ஐ நோ நாட்' என்று நேராகச் சொல்லிவிட முடிந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் ஏறக்குறைய இரண்டு வயதில் 'நோ' என்பதை வினைக்கு முன்னால் ஒட்டவைத்துத்தான் மறுக்கத் தொடங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. வாரி எடுத்துக் கொஞ்சுகிறார்கள். பிட் கார்டர் என்ற மொழியியலாளர் 1967இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் விளக்கினார்: கற்பவரின் பிழை வெறும் குப்பையன்று, அவர் தமக்குள் எந்த விதியை உருவாக்கிக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்டும் தடயம். உங்கள் மாணவன் உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்டான், அதற்குரிய காரணத்தைத் தேடினான், ஆறு சொற்களில் சொன்னான். மனப்பாடம் செய்யாத ஆங்கில வாக்கியம் ஒன்று உங்கள் வகுப்பில் பிறந்த அபூர்வமான நொடி அது என்று எண்ணுகிறேன்.

உங்களையும் ஆசிரியர் என்கிறார்கள், என்னையும் ஆசிரியர் என்கிறார்கள். சிவப்பு மை இருவர் கையிலும் இருக்கிறது. நாள்தோறும் பிறர் எழுத்தில் ஒற்றும் சந்தியும் திருத்துவதுதான் என் பிழைப்பு. ஆகவே திருத்தவே கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் எழுதியவர் எழுதி முடித்த பிறகே தாள் என் மேசைக்கு வருகிறது. அவர் எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் நின்று, மூன்றாம் சொல்லில் கோடு கிழித்து, சுற்றியிருப்பவர்களையும் சிரிக்கவிட்டால், இந்த இதழ் மாதந்தோறும் வெற்றுத் தாளாகத்தான் வெளிவரும். பிழை எது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, அவன் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பின், சரியான வடிவத்தை உங்கள் பதிலுக்குள் வைத்தே சொல்லியிருக்கலாம்: 'ஓ, யுவர் மதர் டிட் நாட் கோ டு வொர்க்?' அவன் தலையசைத்திருப்பான். அடுத்த வாக்கியமும் வந்திருக்கும்.

வகுப்பறை மௌனத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை அறிவியல் வகுப்புகளில் அளந்து 1974இல் எழுதினார். சராசரியாக ஒரு விநாடிதான். அந்த இடைவெளியை மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீட்டியபோது விடைகள் நீண்டன, விடையே வராத கேள்விகள் குறைந்தன, மந்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். சொந்த மொழியில் பேசிய பிள்ளைகளின் கதை அது. வேற்று மொழியில் விடை சொல்பவன் கேள்வியை மனத்துக்குள் மாற்றி, சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி, வெட்கத்தையும் தள்ளிவிட்டு எழ வேண்டும். மூன்று விநாடி அமைதி ஆசிரியருக்கு யுகம்போல் தெரியும் என்பதை நான் அறிவேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பள்ளி நாட்களிலிருந்து இரண்டு காட்சிகள். தேர்வுக்காகப் 'பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம்' ஒன்றை ஆங்கிலத்தில் நெட்டுருப் போட்டேன். இல்லாத தெருவில் எரியாத விளக்கைப் பற்றிய புகார் அது. முழு மதிப்பெண் கிடைத்தது. அதே ஆண்டில் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவர் என்னிடம் வழி கேட்டபோது, கையை நீட்டிக் காட்டிவிட்டு ஓடிவிட்டேன். இப்போது அந்தக் கடிதங்கள் வந்து சேரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம். இது முதற் காட்சி. இரண்டாவது காட்சி, எங்கள் ஆங்கில ஆசிரியருக்குத் தொண்டை கட்டிக்கொண்டபோது நடந்தது. இரண்டு வாரம் அவருக்குக் குரலே வரவில்லை. எங்களை இருவர் இருவராக உட்காரவைத்து, பாடத்தின் ஒரு பாதியை ஒருவனிடமும் மறுபாதியை மற்றவனிடமும் கொடுத்து, அவரவர் பாதியை அடுத்தவனுக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லுமாறு பலகையில் எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஒரே இரைச்சல். பாதி தமிழ், மீதியில் பாதி பிழை. நான் மற்றொருவனிடம் ஆங்கிலத்தில் ஒரு செய்தியைச் சொல்லி அது அவனுக்குப் புரிந்தது என்ற அதிசயம் முதன்முதலாக நிகழ்ந்தது அந்த வாரத்தில்தான். குரல் திரும்பியதும் அவர் பழையபடி வினைச்சொல் அட்டவணைக்குத் திரும்பிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பக்கத்து நியாயங்களை நான் மறுக்கவில்லை. தேர்வு எழுத்தைத்தான் அளக்கிறது, பேச்சை அளப்பதில்லை; பாடத்தை முடிக்கவில்லை என்றால் மேலிடத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். இவற்றோடு யாரும் வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. பாடநூலை விட்டு வெளியே வந்து மாணவர்களைப் பேசவிட்டால், எதிர்பாராத கேள்வி வரும். ஆசிரியரும் எதிர்பாராத வாக்கியங்களைப் பேச வேண்டியிருக்கும். அங்கே அவருக்கும் நாக்குக் குழறலாம். இலக்கண விதியும் கோடிட்ட இடமும் பத்திரமான திண்ணைகள். அங்கே உட்கார்ந்திருக்கும்வரை விடை அவரிடம் இருக்கும். உங்களுக்கு இந்த அச்சம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், நீங்களும் இதே போன்ற ஒரு வகுப்பில்தான் ஆங்கிலம் கற்றீர்கள் என்பதைத் தவிர அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பெரிய வகுப்பில் இதெல்லாம் நடக்காது என்று எழுதுவீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்பவர் தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிகள் சிலவற்றில், இலக்கணப் பாடத்திட்டமே இல்லாமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியைப் பிடிப்பது, வரைபடத்தில் எந்த வழியாகப் போவது என்பன போன்ற சிறு சிக்கல்களைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். கவனம் வடிவத்தின்மேல் இல்லை, பொருளின்மேல். அந்த முயற்சியின் விளைவுகளைப் பற்றி அறிஞர்களிடையே வாதங்கள் உண்டு. அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேரை இருபது இணைகளாகப் பிரித்துப் பத்து நிமிடம் பேசவிட்டால், ஆளுக்கு 15 விநாடி என்பது ஐந்து நிமிடமாகிறது. இதற்குத் தனிக் கருவியோ ஆணையோ வேண்டியதில்லை. இரைச்சல் இருக்கும். தமிழ் இடையே வரும். சொல் கிடைக்காதபோது தாய்மொழியில் கேட்டுத் தெரிந்துகொள்வது குற்றமன்று. நீங்கள் மேசைகளுக்கு நடுவே நடந்து, காதில் விழும் பிழைகளில் பொதுவானவை நான்கைந்தைக் குறித்துக்கொண்டு, யாருடையது என்று சொல்லாமல் இறுதியில் பலகையில் எழுதலாம். உங்கள் இலக்கணப் புலமைக்கு அங்கே போதிய வேலை இருக்கும்.

அந்த மாணவன் இப்போது 10ஆம் வகுப்பில் இருப்பான். அவனைத் தனியாக அழைத்து, வேண்டுமானால் தமிழிலேயே, அன்றைக்கு அவனுடைய அம்மா ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேளுங்கள். அவன் தாமதமாக வந்ததற்கான காரணத்தின் தொடக்கம் அந்த வாக்கியம். மீதியை அவன் சொல்லவே இல்லை. உங்கள் கடிதத்தில் அவனுடைய பிழை முழுவதும் இருக்கிறது. அந்தக் காரணம் மட்டும் இல்லை.