மச்சான் சொல்கிறார் என்பதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

பினாங்கில் உறைய வைத்த இறைச்சி வியாபாரம் செய்யும் ஓர் அத்தா கேட்டிருக்கிறார்: எஸ்டிபிஎம் (பிளஸ் டூ மாதிரி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய தேர்வு) முடித்த மகளுக்கு அரசு மருத்துவப் படிப்பு கிடைக்கவில்லை. தனியாரில் சேர்க்கச் சொல்லி மச்சான் நெருக்குகிறார். அவளோ லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்குப் போக்குவரத்தும் கிடங்கும் நடத்தும் படிப்பு, படிக்கிறேன் என்கிறாள். வீட்டை அடமானம் வைக்கலாமா?

உங்கள் கவலை நியாயம்தான். ஆனால் அடமானம் வேண்டாம். தனியார் மருத்துவத்துக்குச் சில லட்சம் ரிங்கிட் ஆகும். அதில் ஒரு தவணையும் மச்சான் கட்டப் போவதில்லை. 2016 டிசம்பரிலிருந்து புதிய அரசு மருத்துவர்களை ஒப்பந்தத்தில்தான் எடுக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் அவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். அவளுக்கே மருத்துவத்தில் வெறி இருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன். உங்கள் கடை சரக்குக் கணக்கைப் பள்ளி நாளிலிருந்தே அவள்தான் பார்க்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

லாஜிஸ்டிக்ஸை 'லாரிக் கம்பெனி வேலை' என்கிறீர்களே, 2020 டிசம்பரில் ஜோகூர் செனாயில் பிடிபட்ட இறைச்சி விவகாரம் நினைவிருக்கிறதா? கடத்தி வந்த இறைச்சிக்கு ஒரு கிடங்கில் ஹலால் முத்திரை குத்தி விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அறுத்த இடம் சுத்தமாக இருந்தால் போதாது, கிடங்கும் லாரியும் ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்காகத்தான் மலேசியாவில் 2010இல் எம்எஸ் 2400 என்ற ஹலால் தரநிலை வந்தது, 2019இல் திருத்தினார்கள். போக்குவரத்து, கிடங்கு, சில்லறை விற்பனை மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி. பன்றி இறைச்சி ஏற்றிய கண்டெய்னரை ஹலால் சரக்குக்கு மாற்றினால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். எந்தப் பேலட் எந்தக் கோல்ட் ரூமில் எத்தனை டிகிரியில் இருந்தது என்று பதிவு வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்பார்கள்.

உங்களைப் போன்ற சிறு வியாபாரியால் தனிக் குளிர்சாதன லாரி வாங்க முடியுமா? ஒரு ஹலால் லாஜிஸ்டிக்ஸ் நிறுவனம் நாலைந்து பேருடைய ஹலால் சரக்கை ஒரே லாரியில் சேர்த்து அனுப்பும். வாடகை பங்காகிறது, டீசலும் மிச்சம், வழியில் கெட்டுப்போகும் சரக்கும் குறைகிறது. கிள்ளான் துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்யப் பெரிய கம்பெனிகளோடு நீங்களும் போட்டி போடலாம். இதைக் கட்டி நடத்த ஆள் வேண்டும். ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) தரும் ஹலால் சான்றிதழ் பெற்ற பெரிய நிறுவனங்கள், ஹலால் விதிகளைக் கவனிக்க ஹலால் எக்சிகியூட்டிவ் ஒருவரை வைத்தாக வேண்டும். அவர் மலேசிய முஸ்லிமாக இருக்க வேண்டும். பட்டத்தோடு ஹலால் எக்சிகியூட்டிவ் பயிற்சியையும் முடித்தால் அவளுக்கு அந்தக் கதவும் திறக்கும்.

கெடா சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியா பல்கலைக்கழகத்தில் லாஜிஸ்டிக்ஸ், போக்குவரத்துப் பட்டம் இருக்கிறது. அரசுக் கட்டணம்தான். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, ராத்திரி ஷிப்டும் வரும். அதை மறைக்க மாட்டேன். இந்த விடுமுறையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு குளிர்சாதனக் கிடங்கில் சில வாரம் வேலை பார்க்கச் சொல்லுங்கள். அப்புறமும் பிடித்திருக்கிறது என்றால் யூபியூவில் (அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம்) இதையே முதல் தேர்வாகப் போடட்டும். விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். மச்சான் பக்கத்தில் உட்கார வேண்டாம்.