கையால் கம்பி கோக்கும் இருபாதி விசைப்பலகை: கேள்வியும் பதிலும்

அச்சிட்ட மின்சுற்றுப் பலகை இல்லாமல், சுவிட்சுக்குச் சுவிட்ச் கையால் கம்பி இழுத்து, இடக்கைக்கு ஒரு பாதி வலக்கைக்கு ஒரு பாதி எனப் பிரிந்து நிற்கும் விசைப்பலகையைக் கட்டுவது பற்றிய கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கணினியிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்போது இரு பாதிகளையும் இணைக்கும் கேபிளைச் செருகாதீர்கள், பிடுங்காதீர்கள்.

கேள்வி: முதல் முறையாகக் கட்டப்போகிறேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டயோடு எதற்கு?

பாதிக்கு 21 விசைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் தனிக்கம்பி இழுத்தால், விசைகளைப் படித்துக் கணினிக்குச் சொல்லும் சிறு பலகையான மைக்ரோகண்ட்ரோலரில் 21 முனைகள் தேவைப்படும். பலரும் பயன்படுத்தும் புரோ மைக்ரோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் நமக்குக் கிடைப்பவை 18தான். ஆகவே சுவிட்சுகளைக் குறுக்கே நிரைகளாகவும் நெடுக்கே நிரல்களாகவும் கோக்கிறோம். நான்கு நிரை, ஆறு நிரல் என்றால் பத்து முனைகளில் வேலை முடிந்துவிடுகிறது. மைக்ரோகண்ட்ரோலர் நிரைகளை ஒவ்வொன்றாக எழுப்பி, எந்த நிரலிலிருந்து பதில் வருகிறது என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், மின்னோட்டம் அந்த மூன்றின் வழியாகவே சுற்றிப் போய், யாரும் தொடாத நான்காவது விசையையும் அழுத்தியதாகக் காட்டிவிடும். கியூ, டபிள்யூ, ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எஸ் தானாக விழும். டயோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடுவதால் அந்தச் சுற்றுவழி அடைபடுகிறது. 1என்4148 என்ற சிறிய கண்ணாடி டயோடு இதற்குப் போதும். அதன் ஒரு முனையில் கறுப்பு வளையம் இருக்கும். மின்னோட்டம் அந்த வளையத்தை நோக்கியே பாயும். நான் வளையமுள்ள முனையை நிரைக்கம்பியில் வைத்து, மைக்ரோகண்ட்ரோலரில் ஏற்றும் மென்பொருளான கியூஎம்கே ஃபர்ம்வேரில் ‘நிரலிலிருந்து நிரைக்கு’ என்ற திசையைத் தேர்ந்தெடுப்பேன். நீங்கள் மாற்றி வைத்தாலும் குற்றமில்லை. எல்லா டயோடும் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும், ஃபர்ம்வேரிலும் அதே திசை இருக்க வேண்டும்.

கேள்வி: டயோடின் கறுப்பு வளையம் மேலே இருக்க வேண்டுமா, கீழேயா?

மேல், கீழ் என்பதெல்லாம் நீங்கள் பலகையைப் பிடித்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. என் முறைப்படி என்றால் நிரைக்கம்பியின் பக்கம்.

கேள்வி: சுவிட்சுகளைத் தாங்கும் தகட்டை முப்பரிமாண அச்சில் 3 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்துவிட்டேன். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். செர்ரி எம்எக்ஸ் வகைச் சுவிட்சுக்கு 14 மில்லிமீட்டர் சதுரத் துளையும், துளையின் விளிம்பில் 1.5 மில்லிமீட்டர் தடிமனும் வேண்டும். அப்போதுதான் அதன் இரு கொக்கிகளும் அடியில் போய்ப் பிடிக்கும். அச்சிட்ட மின்சுற்றுப் பலகை இருந்தால் சால்டர் செய்த கால்கள் சுவிட்சைத் தாங்கிக்கொள்ளும். நம்மிடம் அது இல்லை. கொக்கி பிடிக்காத சுவிட்சிலிருந்து விசைமூடியைக் கழற்றும் அன்று, மூடியோடு சுவிட்சும், சுவிட்சோடு டயோடும் கம்பியும் பிய்ந்து வரும். உறுதிக்காகத் தடிமனாக அச்சிடுவது நல்லதுதான், ஆனால் துளையைச் சுற்றி அடிப்பக்கத்தில் பள்ளம் விட்டு விளிம்பை 1.5க்குக் கொண்டுவாருங்கள். அச்சிடும் முன்பு, விசைகளை 19.05 மில்லிமீட்டர் இடைவெளியில் காகிதத்தில் வரைந்து, கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நிரல் எவ்வளவு கீழிறங்க வேண்டும் என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எந்தச் சுவிட்சின் ஓசை இனிமையானது?

ஓசை என் துறை அன்று.

கேள்வி: இடப் பாதி ஒழுங்காக இருக்கிறது. வலப் பாதியில் ஒய்யை அழுத்தினால் பி விழுகிறது, பியை அழுத்தினால் ஒய் விழுகிறது. ஏன்?

கம்பி கோக்கும்போது பலகை கவிழ்ந்து கிடக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகும். என் முதல் பலகையில் இதே தவற்றைச் செய்து, ஒரு மாலை முழுவதும் கம்பிகளைக் கழற்றி மீண்டும் பற்றவைத்தேன். அது அத்தனையும் வீண் வேலை. ஃபர்ம்வேரில் வலப் பாதியின் நிரல் முனைகளின் பட்டியலைத் தலைகீழாக எழுதினால் போதும். அடுத்த முறை, சால்டர் செய்யும் முன்பே தகட்டின் பின்புறத்தில் பேனாவால் நிரல் எண்களை எழுதிவிடுங்கள்.

கேள்வி: முதல் பதிலை மறுக்கிறேன். ராஸ்பெர்ரி பை பிக்கோவில் 26 முனைகள் உள்ளன. விசைகளுக்கு 21, இரு பாதிகளுக்கும் இடையே ஓடும் தகவல் கம்பிக்கு ஒன்று, ஆக 22. டயோடும் வேண்டாம், நிரையும் நிரலும் வேண்டாம். பழைய முறையை ஏன் இன்னும் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

கணக்குச் சரி. ஒவ்வொரு சுவிட்சின் ஒரு காலையும் பொதுவான தரைக்கம்பியில் சேர்த்து, மறுகாலைத் தனி முனைக்குக் கொண்டுபோகலாம். கியூஎம்கேயும் அதை ஏற்கிறது. பொய் அழுத்தங்களுக்கு அங்கே இடமே இல்லை. ஆனால் 21 மில்லிமீட்டர் அகலமும் 51 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு சிறு பலகைக்குள் இருபதுக்கும் மேற்பட்ட கம்பிகள் வந்து இறங்கும்போது, பெட்டியின் அடிமூடி மூடாது.

கேள்வி: மெல்லிய எனாமல் கம்பி போட்டால் மூடும். மேலும், தனிமுனை முறையில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு விசைதான் போகும். உங்கள் முறையில் ஒரு நிரையே போய்விடும் அல்லவா?

இரண்டாவது வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். அதை நான் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எனாமல் கம்பியில், பூச்சு சரியாக எரியாமல், பார்வைக்குப் பளபளப்பாகவும் மின்சாரத்துக்கு மூடியும் இருக்கும் இணைப்புகளே புதியவர்களுக்குக் கிடைக்கும் என்பதால் முதல் வாதத்தை அரைமனதோடுதான் ஏற்கிறேன். நாளை மேலே எண் வரிசை ஒன்றைச் சேர்க்க விரும்பினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: 27 விசைகள், 28 முனைகள், பிக்கோ போதாது. 21ஐத் தாண்டவே மாட்டேன் என்பவர் டயோடை மறந்துவிடலாம்.

கேள்வி: அப்படியானால் ஒரு பாதியில் பிக்கோ, மறுபாதியில் என்னிடம் இருக்கும் புரோ மைக்ரோ என்று வைக்கலாமா?

கூடாது. ஒன்று 3.3 வோல்ட், மற்றது பெரும்பாலும் 5 வோல்ட். ஒரே ஃபர்ம்வேரும் இரண்டிலும் ஓடாது.

கேள்வி: தமிழ்99இல் தட்டெழுதுகிறேன். பாதிக்கு மூன்று வரிசை, ஐந்து நிரல் போதுமா? தமிழ் எழுத்துகளை ஃபர்ம்வேரில் ஏற்ற வேண்டுமா?

ஏற்ற வேண்டியதில்லை. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த விசை என்ற எண்ணைத்தான் அனுப்புகிறது, எழுத்தாக மாற்றுவது கணினியின் வேலை. எண்ணிக்கைதான் இடிக்கிறது. தமிழ்99 இருபாதிப் பலகைக்கென்றே பிறந்ததுபோல, உயிர்களையும் ஆய்தத்தையும் இடக்கையிலும், வ, ங தவிர்த்த மெய்களை வலக்கையிலும் வைக்கிறது. இடக்கையின் பதினைந்து எழுத்துகளும் ஐந்து நிரலுக்குள் அடங்கிவிடும். வலக்கையில் ச, ஞ, ய மூன்றும் வெளியே நின்றுவிடும், ஏனெனில் அவை சதுர அடைப்புக்குறி விசைகளிலும் மேற்கோள் விசையிலும் இருக்கின்றன. ‘செய்ய’ என்று அடிக்கவே அவற்றில் இரண்டு வேண்டும். ஆகவே ஆறு நிரல் வையுங்கள். ணவுக்குப் பக்கத்தில் ச, நவுக்குப் பக்கத்தில் ய, ழவுக்குப் பக்கத்தில் ஞ என மூன்றும் சரியாக உட்கார்ந்துவிடும். ஷிஃப்டைக் கட்டைவிரலுக்கு இறக்கிவிடுங்கள்.

கேள்வி: இதனால் என் மணிக்கட்டு வலி தீருமா?

மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஒரு விசைகூட வேலை செய்யவில்லை. டயோடு எந்தப் பக்கம் வர வேண்டும்?

இது மூன்றாவது முறை. முதல் பதிலின் கடைசி வரிகளைப் படியுங்கள். ஒன்றுகூட வேலை செய்யவில்லை என்றால் ஃபர்ம்வேரில் உள்ள திசை தலைகீழாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நிரை மட்டும் போனால் அந்த நிரையின் கம்பி, ஒரு விசை மட்டும் போனால் அதன் டயோடு அல்லது ஈயம் சரியாகப் பிடிக்காத இணைப்பு.

கேள்வி: உங்கள் எச்சரிக்கையைப் படிக்கும் முன்பே, கணினியில் இணைத்திருந்தபோது நடுக்கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டேன். இப்போது வலப் பாதி அசையவில்லை.

நடுக்கேபிளின் முனையில் இருக்கும், ஹெட்ஃபோன் செருகியைப் போன்ற டிஆர்ஆர்எஸ் செருகியில் நான்கு தொடுபகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், உள்ளே போகும் வழியில் ஒவ்வொரு பகுதியும் தனக்குரியதல்லாத தொடுமுனைகளை உரசிச் செல்லும். மின்கம்பி ஒரு கணம் தரைக்கம்பியையோ தகவல் கம்பியையோ தொட்டால் போதும். முதலில் வலப் பாதியை மட்டும் நேராகக் கணினியில் இணையுங்கள். எழுத்து விழுந்தால் மைக்ரோகண்ட்ரோலர் பிழைத்திருக்கிறது, தகவல் முனை மட்டும் இரு பாதிகளில் ஒன்றில் எரிந்திருக்கக்கூடும். இரண்டு பாதிகளிலும் அந்தக் கம்பியைக் கியூஎம்கே அனுமதிக்கும் வேறொரு முனைக்கு மாற்றி, ஃபர்ம்வேரிலும் திருத்தி, இரண்டிலும் ஏற்றுங்கள். பிறகு யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு நடுக்கேபிளை மாட்டுங்கள்.