பி.ஐ.என்.என். வந்த பிறகும் எண்ணியல் பகுப்பாய்வில் முனைவர் ஆய்வு தேவையா?

பி.ஐ.என்.என். (physics-informed neural network) என்ற நியூரல் நெட்வொர்க்கே வகைக்கெழுச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது, தோராய விடை காணும் முறைகளையும் அவற்றின் பிழையையும் ஆராயும் எண்ணியல் பகுப்பாய்வில் ஆராய என்ன மிச்சம் என்று கேட்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

நெட்வொர்க் தரும் விடையைச் சமன்பாட்டில் பொருத்தினால் எஞ்சுவதை, பயிற்சியில் குறைக்க வேண்டிய அளவான இழப்புச் சார்பில் சேர்த்துப் பயிற்சி தருவதுதான் இந்த முறை. 1998-லேயே லகாரிஸ் குழு இதை முயன்றது. பரவியது 2019-இல் ரைஸ்ஸி, பெர்டிகாரிஸ், கார்னியடாக்கிஸ் கட்டுரைக்குப் பிறகு. சரி, இழப்பு குறைந்தால் விடை சரியாகிவிடுமா? சமன்பாடு நிலைத்தன்மை உள்ளதாக, அதாவது எஞ்சுவது சிறிதானால் விடையின் பிழையும் சிறிதாகும்படி இருந்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். களத்தைச் சிறு துண்டுகளின் வலையாகப் பிரித்துத் தீர்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில், அந்த வலையை நுணுக்கினால் பிழை எவ்வளவு வேகமாகக் குறையும் என்று பல சமன்பாடுகளுக்கு நிரூபித்திருக்கிறார்கள். பி.ஐ.என்.என். முறையிலோ நெட்வொர்க்கைப் பெரிதாக்கினாலும் பயிற்சி தேங்கிவிடலாம். வேகமாக அலையும் தீர்வுகளைக் கற்க அது திணறும். இந்தப் பிழைகளுக்கு வரம்பு காண்பது அருமையான ஆய்வு. தலைப்பு தேடுகிறீர்கள் என்றால், அளவீடுகளிலிருந்து தெரியாத குணகத்தைக் கண்டறியும் தலைகீழ்க் கணக்குகளையே பரிந்துரைப்பேன்.